ஒன்றரைக் கட்டையில் எம்மாவு

என் தம்பியிடம் ஒரு கௌபாய் தொப்பி இருக்கிறது. லண்டன் ஹவுன்ஸ்லோவில் அப்படி ஒன்றைப் போட்டுக்கொண்டு மீன் கடைக்குப் போகிற தமிழன் அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். “குதிரையை எங்கை கட்டினனீர்?” என்று கடைக்காரர் கேட்பார். அவன் சிரித்துவிட்டு விளைமீனைக் காட்டித் துண்டு போடச் சொல்வான். வெட்கம் என்ற சாமானை அப்பாவும் அம்மாவும் எனக்கே முழுதாகக் கொடுத்துவிட்டார்கள், அவனுக்கு மிச்சம் வைக்கவில்லை.

தொப்பிக்குக் காரணம் அமெரிக்கக் கன்ட்ரி பாட்டு. அப்பா ஊரில் சங்கீத ஆசிரியராக இருந்தவர். லண்டனுக்கு வந்த பிறகு வார நாட்களில் பெட்ரோல் நிலையத்தில் காசு வாங்கிப் போடுகிற வேலை, சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் மறுபடியும் சங்கீதம். பள்ளி விடுமுறை நாட்களில் தம்பியைப் பெட்ரோல் நிலையத்துக்குக் கூட்டிப் போவார். அங்கே கல்லாவுக்குப் பக்கத்தில் விற்காமல் கிடந்த கசெட்டுகள் எல்லாம் கன்ட்ரி. கிட்டாரும் நெடுஞ்சாலையும் விட்டுப் போன பெண்ணும். கீர்த்தனை பாடிப் பிழைக்க வேண்டிய பிள்ளை அதைக் கேட்டுக் கெட்டுப் போனான் என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா.

எங்கள் ஃபிளாட் துணி தோய்க்கும் கடைக்கு மேலே இருந்தது. கீழே இயந்திரங்கள் சுழலும், மேலே விமானங்கள் இறங்கும், நடுவில் அப்பாவின் சுருதிப் பெட்டி. மின்சாரத்தில் ஓடுகிற சின்னப் பெட்டிதான். காலையில் தேத்தண்ணீர் வைக்க முன்னர் அதை முடுக்கிவிடுவார், படுக்கப் போகும்போதுதான் நிற்பாட்டுவார். பாடினாலும் பாடாவிட்டாலும் அது ஊமென்று கொண்டிருக்கும். விருந்தாளிகள் வந்து “உதென்ன சத்தம், பிரிட்ஜ் பழுதோ?” என்று கேட்கும்போதுதான் அப்படி ஒரு சத்தம் இருப்பதே எங்களுக்கு நினைவு வரும்.

நான் வயலின் பக்கம் போனேன். இப்போது வார நாட்களில் கவுன்சிலில் வீட்டுப் பிரச்சினைகளுக்குப் போன் எடுக்கிறேன், சனி ஞாயிறுகளில் அரங்கேற்றங்களுக்கு வாசிக்கிறேன். தம்பி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் நிற்கிறான். அங்கேயே வேலை செய்த திருநெல்வேலிப் பெண்ணைக் காதலித்து, அவளுடைய சபையில் ஞானஸ்நானமும் எடுத்துக் கலியாணம் கட்டினான். அப்பா தடுக்கவில்லை. சபை மண்டபத்துக்குப் போய், முன் வரிசையில் இருந்து, பிரியாணியை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வந்தார்.

எனக்கும் அதில் கோபமில்லை. கோபம் வந்தது அப்பாவின் செத்த வீட்டில். ஒரே மகன், அவன்தான் கிரியை செய்ய வேண்டியவன். தன் விசுவாசத்தில் அதற்கு இடமில்லை என்று சொல்லிவிட்டான். ஐயர் கூப்பிடக் கூப்பிட, சப்பாத்தைக் கழற்றாமல் மண்டப வாசலில் நின்றான். என் கணவர் தர்ப்பை போட்டு எல்லாவற்றையும் செய்தார். நான் வாசலுக்குப் போய், அத்தனை சனத்துக்கும் முன்னால் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். அவன் ஒரு சொல் பேசவில்லை. அதற்குப் பிறகு பிறந்தநாள், தீபாவளி, நத்தார் என்று வந்து போனோம், சாப்பாட்டைப் பற்றியும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியும் கதைத்தோம். அதற்கு மேலே நான் கதவைத் திறக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் போன வசந்த காலத்தில் ஒரு நாள் கிட்டாரோடு வந்து என் சோபாவில் உட்கார்ந்தான்.

“அக்கா, நான் ஒரு அல்பம் செய்யப் போறன். எல்லாம் வேதாகமத்தில வாற ஊருகள். ஒரு ஊருக்கு ஒரு பாட்டு. தமிழில, ஆனா கன்ட்ரி. கன்ட்ரிக்கு ஃபிடில் வேணும்.”

“ஃபிடில் எண்டால்?”

“வயலின்தான்.”

“அப்ப வெஸ்ட் ஈலிங் துர்க்கை அம்மனுக்கு வாசிக்கிற கையால நான் உன்ரை யேசுவுக்கும் வாசிக்க வேணும், என்ன?”

“ஓம்,” என்றான், வெட்கமில்லாமல்.

ஏலாது என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் அவன் தொண்டையைச் செருமியது வழமையான செருமல் இல்லை என்பதைக் கவனித்தேன். கேட்டேன். குரல்நாணில் ஒரு முடிச்சு இருக்கிறதாம். புற்றுநோய் மாதிரிக் கெட்ட வருத்தமில்லை, ஆனால் வெட்டி எடுக்கத்தான் வேண்டும். வெட்டிய பிறகு பேச்சு வந்துவிடும், பாட்டு வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டா. சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்கு முன்னால் பாட்டுகளைப் பதிந்துவிட வேண்டும்.

இதைச் சொல்லிவிட்டு அவன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். பாவம் என்று இருந்தது. பாவம் என்று நினைத்ததில் எனக்கே எரிச்சல் வந்தது.

“சரி. பாடிக் காட்டு பாப்பம்,” என்றேன்.

கிட்டாரின் கழுத்தில் முதல் கட்டத்தில் கவ்வி ஒன்று பூட்டியிருந்தது. கேப்போ என்பார்கள், சுருதியைக் கூட்டிக் குறைக்க உதவும். அதை அசைக்காமல் அப்படியே பாடத் தொடங்கினான். நான் வயலினை எடுத்துத் தட்டிப் பார்த்தேன். ஒன்றரைக் கட்டை. அப்பாவின் சுருதி. ஆண்கள் பலருக்கும் அதுதானே என்று அதற்கு மேல் நான் யோசிக்கவில்லை.

முதல் பாட்டு பெத்லகேம். குழந்தையைப் பற்றி இருக்கும், நட்சத்திரத்தைப் பற்றி இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவன் பாடியதோ சத்திரக்காரனைப் பற்றி. நிறைமாதப் பெண்ணோடு வந்து நின்றவனிடம் இடமில்லை என்று சொன்னானே, அந்த ஆள்.

“இடமில்லை என்றேன், விளக்கைத் தணித்தேன்,
பின்னால் தொழுவம் என்று கையைக் காட்டினேன்.”

“அந்தாளும் ரிசெப்ஷன்தானே, அக்கா,” என்றான். “பனி கொட்டி விமானம் எல்லாம் நிண்ட நாளில நான் எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். கைக்குழந்தையோட நிண்டவைக்கும் சொன்னனான். ரூம் இல்லாட்டி இல்லைதான். ஆனா வீட்டை போய்ப் படுத்தால் நித்திரை வராது.”

ஒவ்வொரு ஊரும் அப்படித்தான் இருந்தது. கானாவூர்க் கலியாணத்தில், யேசு திராட்சரசமாக்கப்போகிற தண்ணீரைச் சுமந்து சாடிகளை நிரப்பிய வேலைக்காரன். எரிகோவில் யேசுவைப் பார்க்கத் தன் மரத்தில் யாரோ ஏறிவிட்டார்கள் என்று புறுபுறுக்கும் தோட்டக்காரன். அவன் இந்த ஊர்களில் ஒன்றுக்கும் போனதில்லை. போனவனைவிட நன்றாகத் தெரிந்தவன் மாதிரிப் பாடினான். எனக்கு அவன் சாமி வேண்டாம், ஆனால் அவனுடைய சனங்களைப் பிடித்துவிட்டது.

அடுத்த கிழமைகளில் ஒத்திகை என் வீட்டு முன்னறையில். பெரிய சண்டை எல்லாம் கமகத்தில்தான். என் விரல் ஒரு ஸ்வரத்தில் போய்ச் சும்மா நிற்காது, அசைத்துத்தான் பழக்கம்.

“அக்கா, ஆட்டாதேங்கோ. நேரா வாசியுங்கோ.”

“நேரா வாசிச்சால் கதவு கிறீச்சிடுற மாதிரி இருக்குமடா.”

“கதவு மாதிரித்தான் வேணும். பழைய பண்ணை வீட்டுக் கதவு.”

எந்தப் பண்ணை வீட்டை இவன் கண்டான் என்று கேட்டேன். தம்பியின் மனைவி, என் மச்சாள், வடை கொண்டுவந்து வைத்துச் சமாதானம் பண்ணினாள். பாதி ஆட்டம், பாதி நேர் என்று ஒப்பந்தமாகியது.

பெத்தானியா என்ற ஊரின் பாட்டை ஒத்திகையின் கடைசியில்தான் எடுத்தான். அந்த ஊரில் இரண்டு அக்காமாருக்கு ஒரு சகோதரன், சுகமில்லாமல் செத்துப் போகிறான். சுகமாக்க வரவேண்டிய யேசு நேரத்துக்கு வரவில்லை. பிந்தி வந்தவரை வாசலுக்கே போய் ஏசுகிறாள் ஒரு அக்கா.

“பிந்தி வந்தவரே, வாசலில் நில்லும்,
சமைத்த சோறு ஆறிப் போனது.”

எனக்கு வில் நின்றுவிட்டது. அவன் கிட்டாரைப் பார்த்தபடியே சொன்னான்:

“அது நீங்கள்தான் அக்கா. அண்டைக்கு மண்டப வாசலில ஏசினது. அந்தக் கதையை வாசிக்கிற நேரமெல்லாம் உங்கடை குரல்தான் கேக்கும்.”

“அப்ப ஏனடா ஒண்டும் சொல்லாமல் நிண்டனீ?”

“என்ன சொல்ல? நீங்கள் ஏசினது சரி. நான் நிண்டதும் எனக்குச் சரி. ரெண்டும் சரியெண்டால் அழத்தானே ஏலும். அதை வீட்டை போய் அழுதன்.”

நான் குசினிக்குப் போய்த் தேத்தண்ணீர் போட்டேன். சீனி போடாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டேன், அவனும் அப்படியே குடித்தான். கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தனியே சுமந்தது நான் மட்டுமில்லை என்று தெரிந்தது.

பதிவு செய்கிற இடம் எங்கள் பக்கத்திலேயே, ஒரு கம்பளக் கடைக்குப் பின்னால் இருந்தது. வெள்ளைக்காரர் ஒருவர் தனியாக நடத்துகிறார். விமானச் சத்தத்துக்குச் சுவரெல்லாம் மெத்தை அடித்து வைத்திருந்தார். அப்படியும் நாங்கள் சும்மா போகவில்லை. மதியம் மூன்று மணிக்கு விமானங்கள் இறங்கும் ஓடுபாதையை மாற்றுவார்கள் என்பது ஹவுன்ஸ்லோவில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். எந்தக் கிழமை எந்தப் பக்கம் என்று பார்த்து, எங்கள் தலைக்கு மேலே அமைதியாகிற பின்னேரமாக எடுத்தோம். தம்பியின் தொண்டை ஒரு பின்னேரத்துக்கு மேல் தாங்காது. திருத்திப் பாட வழியில்லை, ஆளுக்கு ஒரு அறை என்று பிரித்து வைக்கவும் நேரமில்லை. இரண்டு பேரும் ஒரே அறையில் இருந்து, ஒரே மூச்சில்.

நான் தரையில் சம்மணம் போட்டு இருந்தேன். வயலினைக் காலில் ஊன்றி வாசிப்பதைப் பார்த்து அந்த மனிதர் தலையைச் சொறிந்துவிட்டு, ஒரு மைக்கைத் தாழ்த்தி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தார். அரங்கேற்றங்களுக்கு நான் போனில் உள்ள சுருதியைத்தான் வைப்பேன். அன்றைக்கு வயலினைச் சுருதி சேர்க்க அப்பாவின் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன். அது எப்போதும் ஒன்றரையிலேயே நிற்கும், திருகத் தேவையில்லை என்பதுதான் காரணம். முடுக்கி, வயலினைச் சேர்த்து, பெட்டியைப் பின்னால் வைத்து, என் கோட்டையும் அதன் பக்கத்தில் சுருட்டி வைத்தேன்.

தம்பி தொப்பியோடு நின்றான். ஜெபம் பண்ணினான். நான் மனதுக்குள் அம்மனைக் கும்பிட்டேன். பெத்லகேம் முடிந்தது, கானாவூர் முடிந்தது. அடுத்தடுத்த பாட்டுக்குக் கவ்வியை வேறு கட்டத்துக்கு மாற்றுவதில்லையா என்று அந்த மனிதர் ஒருமுறை கேட்டார். இதுதான் எனக்குச் சுகம் என்றான் தம்பி. பெத்தானியாவில் நான் ஏசுகிற இடம் வந்தபோது ஒப்பந்தத்தை மறந்து, ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தான்.

கடைசிப் பாட்டு எம்மாவு. எருசலேமில் யேசுவைச் சிலுவையில் அறைந்தாயிற்று, எல்லாம் முடிந்துவிட்டது என்று நொந்துபோய் இரண்டு பேர் எம்மாவுக்கு நடக்கிறார்கள். வழியில் மூன்றாவதாக ஒருவர் சேர்ந்து நடக்கிறார். அவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குப் போய் அவர் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கும்போதுதான் உயிர்த்தெழுந்த யேசு என்று தெரிகிறது. கடைசி அடியில் தம்பியின் குரல் உடைந்தது. உடைந்த குரலோடேயே முடித்தான். பிறகு கதிரையில் உட்கார்ந்து, போதும் என்று கையால் காட்டினான். அதற்கு மேல் அவனிடம் குரல் இருக்கவில்லை.

நான் சாமான்களை அடுக்கும்போது பெட்டியை நிற்பாட்டினேன். நிற்பாட்டுகிறேன் என்ற நினைப்புக்கூட இல்லாமல் நிற்பாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டில் சாப்பாடு. பாட்டுகள் போனுக்கு வந்திருந்தன. பெரிய ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நானும் அவனும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். மூன்றாவது பாட்டில் மச்சாள் அகப்பையோடு வந்து நின்றாள்.

“அக்கா, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அது என்ன, மொதல்லருந்து ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கு?”

“என்ன சத்தம்?” என்றேன் நான்.

“என்ன சத்தம்?” என்றான் தம்பியும், கீச்சுக் குரலில்.

“உங்க ரெண்டு பேருக்கும் காது அடைச்சிருக்கா? ஊம்னு ஒண்ணு. வண்டு மாதிரி.”

அவள் ஸ்பீக்கரின் சத்தத்தைக் கூட்டினாள். அப்போதுதான் எனக்கும் பிடிபட்டது. என் முழங்காலடி மைக்கில், எல்லாப் பாட்டிலும், முதலிலிருந்து முடிவு வரை அப்பாவின் சுருதிப் பெட்டி. வானத்தில் போகிற விமானத்துக்குப் பயந்து நாள் பார்த்துப் போனவர்கள், காலடியில் இருந்ததைக் கேட்கவில்லை. உலகத்தில் வேறு யாராக இருந்தாலும் கேட்டிருக்கும். அந்த ஃபிளாட்டில் வளர்ந்த எங்கள் இரண்டு பேரின் காதுக்கு மட்டும் அது சத்தமே இல்லை.

அங்கிருந்தே அந்த மனிதருக்குப் போன் எடுத்தேன். அது ஏதோ இந்திய வாத்தியம், வேண்டுமென்றே வைத்தது என்று நினைத்தாராம். தனக்குப் பிடித்திருந்ததாம். எடுத்துவிடலாம், ஆனால் குரலையும் கொஞ்சம் தின்றுவிடும் என்றார். வேண்டுமானால் நாளைக்கே வந்து பாடுங்கள், காசு வேண்டாம் என்றும் சொன்னார். அடுத்த நாள் போனோம். தம்பி வாயைத் திறந்தான், காற்றுத்தான் வந்தது. தேன் குடித்தான், ஆவி பிடித்தான், மறுபடியும் காற்றுத்தான். இரண்டு நாளில் சத்திரசிகிச்சை.

காருக்குள் உட்கார்ந்து நான் அழுதேன். “உன்ரை கடைசிப் பாட்டை நான் நாசமாக்கிப் போட்டன்,” என்றேன். அவன் போனைக் கார் ஸ்பீக்கரில் இணைத்து எம்மாவைப் போட்டான். இப்போது எங்கள் இருவருக்கும் அது கேட்டது. ஒருமுறை கேட்ட பிறகு கேளாமல் இருக்க முடியவில்லை. அவன் குரல் அதன் மேலே நின்றது, நூல் பிசகாமல்.

“அக்கா,” என்றான், குசுகுசுவென்று. “எட்டுப் பாட்டும் நான் ஒரே சுருதியிலதான் கட்டியிருக்கிறன். கன்ட்ரிக்காரர் அப்பிடிச் செய்ய மாட்டினம். எனக்கு வேற இடத்தில பாட வரேல்லை. ஏனெண்டு யோசிச்சதே இல்லை.”

நான் மூக்கைத் துடைத்தேன்.

“எடுக்க வேண்டாம். இருக்கட்டும். நாங்கள் ரெண்டு பேர் எண்டெல்லே நினைச்சம், அக்கா.”

அதற்கு மேல் அவனுக்குக் குரல் வரவில்லை. கம்பளக் கடைக்கு வந்த ஒரு வான் வழிவிடச் சொல்லி ஹோர்ன் அடித்தது, நான் காரை எடுத்தேன்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. முதல் இரண்டு கிழமை ஒரு சொல்லும் பேசக் கூடாது. பேசாத தம்பியை வைத்துக்கொண்டு நாங்கள் எல்லோரும் நிறையப் பேசினோம், மச்சாள் உட்பட. பிறகு பேச்சு வந்தது, கரகரத்து, யாரோ வேறு ஆள் மாதிரி. குரல் பயிற்சி கொடுக்கிறவர், வாயை மூடி மெல்ல முனகிப் பழகுங்கள் என்று சொல்லிவிட்டிருந்தார். அதை மட்டும் அவன் செய்யவில்லை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு என்றான். மச்சாள் எனக்குப் போன் பண்ணினாள். “பயப்படுறாங்கக்கா. இல்லன்னு தெரிஞ்சிருமோன்னு பயப்படுறாங்க.”

வேலை முடிந்து நேரே போனேன், அப்பாவின் பெட்டியோடு. அவன் முன்னறையில் டிவியைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தான். பெட்டியைச் சின்ன மேசையில் வைத்து முடுக்கிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து மச்சாள் தந்த தேத்தண்ணீரைக் குடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவன் டிவியை நிற்பாட்டினான். கண்ணை மூடினான். முனகினான்.

கீழே நின்றது. ஒன்றரைக்கு ஏறவில்லை. மூச்சை எடுத்து இன்னொருமுறை முயன்றான், தொண்டை நரம்பு புடைத்தது, குரல் அதே இடத்தில்தான் போய் விழுந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். சின்ன வயதில் கீழே விழுந்துவிட்டு, அழலாமா என்று என் முகத்தைப் பார்ப்பானே, அதே பார்வை.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. பாடுகிறவன்தான் சுருதிக்கு வரவேண்டும், சுருதி ஒருவருக்காகவும் இறங்காது. அப்பா இருந்தவரை அந்தப் பெட்டியின் திருகில் ஒருவரும் கை வைத்ததில்லை, அவருக்குப் பிறகு நானும் வைத்ததில்லை. பிடித்துத் திருப்பினேன், இறுகிப்போய் இருந்தது. பலத்தைப் போட்டுத் திருகினேன். ஊமென்ற சத்தம் அசைந்து, மெல்ல மெல்ல இறங்கியது. ஒரு கட்டை. அதற்கும் கொஞ்சம் கீழே, தம்பியின் குரல் விழுந்த இடம். அங்கே நிறுத்தினேன்.

“இப்ப பாடு,” என்றேன்.

அவன் முனகினான். சேர்ந்தது. மச்சாள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து கதவடியில் நின்றாள். கூரைக்கு மேலே ஒரு விமானம் இறங்கிப் போனது. அது போய் முடியும்வரை அவன் குரலை விடவில்லை.